தம்பிக்கு மனச்சிதைவு நோய். சிகரெட்டை விடணும் என்கிறான். எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்

தம்பியோட அக்கா எழுதியது:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும் போல் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 43 வயது. 24 வயதில் மனச்சிதைவு நோய் என்றார்கள். ஆறேழு வருஷம் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், எதற்கும் கேட்கவில்லை. கடைசியில் குளோசபின் என்கிற மருந்துக்கு வந்தோம். அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோரும் ராத்திரி தூங்க ஆரம்பித்தோம். குரல்கள் முழுசாகப் போகவில்லை. "பக்கத்து ரூம்ல யாரோ ரேடியோ வச்ச மாதிரி இருக்கு அக்கா, நான் கண்டுக்கறதில்ல" என்பான்.

ஒரு நாளைக்கு முப்பது சிகரெட் பிடிக்கிறான். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சளைத் தாண்டிப் பழுப்பாகிவிட்டன, எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவனுடைய எல்லாச் சட்டையிலும் வயிற்றுப் பக்கம் பொறி விழுந்த சின்னச் சின்ன ஓட்டைகள். அம்மா இருந்தவரைக்கும் அம்மா தைத்தாள், இப்போது நான் தைக்கிறேன். அவனுக்கு வருகிற உதவித்தொகையில் பாதிக்கு மேல் இதற்கே போகிறது. மாசக் கடைசியில் கீழே கிடக்கிற துண்டைப் பொறுக்கிப் பற்றவைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவன் சிகரெட் பழகியதே மனநல வார்டில்தான். தகராறு பண்ணாமல் மாத்திரை போட்டுக்கொண்டு குளித்துவிட்டு வந்தால் முற்றத்துக்குப் போய்ப் பிடிக்கலாம். அங்கே போனால்தான் நாலு பேரோடு பேச்சு. உள்ளே போகும்போது ஒரு சிகரெட்கூடத் தொடாத பையன்.

இரண்டு மாசம் முன்னால் மாடிப்படி ஏறும்போது ஆறாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். அந்த மருத்துவர் என்னைப் பார்த்தே பேசினார். "இவங்களால எல்லாம் விட முடியாதும்மா" என்றார். தம்பி பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னான்: "நான் விடணும் அக்கா. என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தர்கூட விடறியான்னு கேட்டதில்ல."

மனநல மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்லவர், பத்து வருஷமாகப் பார்க்கிறவர். "இப்ப நிலையா இருக்கார். அவருக்குன்னு இருக்கற ஒரே சந்தோஷம் அது. அதைக் கலைக்கணுமா?" என்றார். சித்தி, அத்தை, எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள்.

எனக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது. நாலு வருஷம் முன்னால் அவனுக்கு நிமோனியா வந்து ஐந்து நாள் பொது வார்டில் இருந்தான். அங்கே புகைக்க விடவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆள் ஆளாகவே இல்லை. எச்சில் ஒழுகித் தலையணை நனைந்துபோகும். நாக்குக் குழறும். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்குவான். கழிப்பறைக்குப் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். சிகரெட் இல்லாததால் மனநோய் முற்றுகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கு நானே வாங்கி, நானே பற்றவைத்து அவன் கையில் கொடுத்தேன். ஒரு வாரத்தில் பழைய தம்பி ஆனான்.

அதனால்தான் கேட்கிறேன். நோயை அடக்கி வைத்திருப்பது அந்தச் சிகரெட்தானா? குளோசபின் எடுத்துக்கொண்டே யாராவது விட்டிருக்கிறார்களா? அவனை நான் இழந்துவிடுவேனா?

---

மருந்துக்கடைசி மேசை எழுதியது:

அக்கா, நான் மனநலப் பிரிவு ஒன்றில் பதினான்கு வருஷமாக மருந்தாளுநர். நீங்கள் எழுதிய அந்த ஐந்து நாள் கதையை இரண்டு தடவை படித்தேன். எச்சில், நாக்குக் குழறல், தூக்கம், தள்ளாட்டம் இந்த நாலும் சேர்ந்து வந்தால் மனநோய் முற்றியது என்று நான் நினைக்கமாட்டேன். குளோசபின் உடம்பில் அளவுக்கு மீறிப்போனால் வருகிற அறிகுறிகள் அவை.

சிகரெட் புகையில் உள்ள தார் வகைப் பொருட்கள் கல்லீரலில் சி.ஒய்.பி. 1ஏ2 என்கிற நொதியை முடுக்கிவிடும். குளோசபினை உடைத்து வெளியேற்றுவதும் அதே நொதி. அதனால் புகைப்பவர்களுக்குக் குளோசபின் சீக்கிரம் கரைந்துபோகும், மருத்துவர்களும் அதற்கு ஈடாகக் கூடுதலாகவே கொடுத்திருப்பார்கள். புகை நின்றால் சில நாளிலேயே நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். மாத்திரை மட்டும் அதே அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ரத்தத்தில் அளவு ஒன்றரை மடங்கு ஆகலாம், சிலருக்கு இரண்டு மடங்குக்கும் போகும். கூடவே உங்கள் தம்பிக்கு நிமோனியா. கடுமையான தொற்றும் தன் பங்குக்குக் குளோசபின் அளவை ஏற்றும். இரண்டும் ஒரே வாரத்தில் வந்திருக்கின்றன.

நீங்கள் கொடுத்த சிகரெட் அவன் மனசுக்கு மருந்தாகவில்லை. மருந்தை மறுபடி வேகமாக வெளியேற்றியது, தொற்றும் ஆறியது, அதனால்தான் தெளிந்தான். உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த வார்டில் யாராவது குளோசபின் சீட்டைப் பார்த்ததும் மனநலப் பிரிவுக்கு ஒரு போன் போட்டிருக்கவேண்டும்.

நொதியை முடுக்குவது புகைதான், நிகோடின் கிடையாது. ஆகவே தோலில் ஒட்டுகிற நிகோடின் பேட்ச் போட்டாலும், நிகோடின் சுவிங்கம் மென்றாலும், புகை நின்றதாகவே கணக்கு. மருந்தளவைப் பார்த்தே ஆகவேண்டும். ஒலான்சபின் என்கிற இன்னொரு மனநோய் மருந்துக்கும் இதே கதை. அதே வகையில் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு முதல் பன்னிரண்டு சிகரெட்டே அந்த நொதியை முழு வேகத்தில் ஓட்டப் போதும் என்று பார்த்திருக்கிறார்கள். முப்பதிலிருந்து பதினைந்துக்கு வரும்போது ரத்த அளவில் பெரிய மாற்றம் தெரியாமல் இருக்கலாம். பத்துக்குக் கீழே இறங்கி நிறுத்துகிற கட்டத்தில்தான் சட்டென்று ஏறும். கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கவேண்டிய நாட்கள் அவை.

மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "நிறுத்துவதற்கு முன்னால் ஒரு தடவை குளோசபின் அளவு பார்க்கலாமா? நிறுத்தின வாரத்திலும் அதற்குப் பிறகும் பார்த்து அளவைக் குறைப்பீர்களா?" வெள்ளணுக்களுக்காக வழக்கமாக எடுக்கிற ரத்தப் பரிசோதனை வேறு, இது வேறு, இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது. நிறுத்துகிற முதல் வாரத்தில் மருந்தில் கால் பங்கை மட்டும் குறைத்து முக்கால் பங்கு கொடுப்பது பலர் கடைப்பிடிக்கிற வழி, ஆனால் அதை அவரே தீர்மானிக்கவேண்டும். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள். அளவைக் குறைத்த பிறகு தம்பி திரும்பப் புகைக்க ஆரம்பித்தாலும் அன்றைக்கே சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மருந்து போதாமல் போய்க் குரல்கள் ஏறும். நிறுத்தினபின் மலச்சிக்கல் கடுமையானாலோ, கை கால் வெட்டி இழுத்தாலோ காத்திருக்காமல் கூட்டிப் போங்கள்.

காபி நிறையக் குடிப்பவனா? அதையும் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். காஃபினும் அதே நொதியில்தான் கரைகிறது. புகையை நிறுத்தி, காபியைக் குறைக்காமல் படபடப்பு வந்து, "பாத்தியா, சிகரெட் இல்லாம முடியல" என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

---

நீலக்கதவு எழுதியது:

அக்கா, எனக்கு இருமுனைக் கோளாறு. பதினெட்டு வருஷம் புகைத்தேன், விட்டு மூன்று வருஷம் ஆகிறது. மூன்றாவது முயற்சியில்தான் முடிந்தது.

இரண்டாவது தடவை நான் தோற்றதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. விட்ட நாலாம் நாள் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் கண்ணீர். நோய் திரும்பிவிட்டது என்று நானும் நம்பினேன், என் மனைவியும் நம்பினாள். கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்து கொடுத்ததே அவள்தான். நிகோடின் விலகும்போது யாருக்கும் வருகிறது அது. முதல் வாரத்தில் உச்சம், மூன்று நாலு வாரத்தில் அடங்கிவிடும். மனநோய் உள்ளவனுக்கு மட்டும் அதையே "நோய்" என்று எழுதிவிடுகிறார்கள்.

நாலு பஃப் இழுத்ததும் ஆசுவாசமாக இருக்கும், தெரியும். நிகோடினில் பாதி இரண்டு மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அது இறங்க இறங்கத் தவிப்பு, அடுத்ததைப் பற்றவைத்ததும் அந்தத் தவிப்பு அடங்குகிறது. அதைத்தான் பதினெட்டு வருஷம் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2014-ல் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல் வந்தது. விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட, மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே. மனச்சோர்வு மாத்திரையால் கிடைக்கிற முன்னேற்றத்துக்கு ஒத்த அளவு அது. இதை என் மருத்துவர் முதல் தடவையே சொல்லியிருந்தால் எனக்கு ஆறு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

எனக்குக் கைகொடுத்தது வரெனிக்ளின், புகையை விடுவதற்கான மாத்திரை. "மனநோய் இருக்கறவங்களுக்கு அது ஆகாது" என்பார்கள். அமெரிக்காவில் அதன் பெட்டியிலேயே கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருந்தது. எட்டாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2016-ல் வெளியானது, அவர்களில் பாதிப் பேருக்கு மனநோய், நிலையாக இருந்தவர்கள். பேட்ச்சோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்டதில் மனநலப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை, சிகரெட்டை விட்டவர்கள் வரெனிக்ளின் எடுத்தவர்களில்தான் அதிகம். அதே வருஷம் எச்சரிக்கைக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள். எனக்குக் குமட்டலும் நெடுங்கனவுகளும் வந்தன, அவ்வளவுதான். புகையை விடுவதற்குப் புப்ரோபியான் என்கிற மாத்திரையை யாராவது எழுதினால் மட்டும் குளோசபின் போடுவதைச் சொல்லுங்கள். இரண்டுமே வலிப்புக்கு வழிவிடக்கூடியவை.

---

கிணற்றடி எழுதியது:

நான் மாற்றுக்கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகளுக்கும் இதே நோய். வேலை இல்லை, கல்யாணம் இல்லை, நண்பர்கள் இல்லை. சாயங்காலம் பால்கனியில் அவள் பிடிக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிஷம்தான் அவள் முகம் தளர்ந்து நான் பார்ப்பது. அதையும் பிடுங்கிக்கொண்டு நான் எதைக் கொடுக்கப்போகிறேன்? எல்லோரும் எண்பது வயசு வாழ்ந்துதான் ஆகவேண்டுமா?

---

இரவுப்பணி எழுதியது:

கிணற்றடி ஐயா, உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. இருபத்திரண்டு வருஷம் மனநல வார்டில் செவிலியாக இருந்தேன், நீங்கள் சொல்வதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். மேசை இழுப்பறையில் பூட்டி வைத்து மணிக்கு ஒன்றாக நானே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். நல்லபடி நடந்தவருக்குக் கூட ஒன்று. அந்த அக்காவின் தம்பி உள்ளே போகும்போது புகைக்காத பையன் என்று படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. என் கையாலும் அப்படி எத்தனை பேர் பழகினார்களோ.

என் வார்டில் இருந்தவர்களின் சாவுச் செய்தி பிறகு ஒவ்வொன்றாக வரும். ஆரம்பத்தில் தற்கொலை என்றே நினைப்பேன். விசாரித்தால் மாரடைப்பாக இருக்கும். நுரையீரலாக இருக்கும். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயசு. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருஷம் முன்னாலேயே சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பெரும்பாலும் உடல்நோய்களால். அதில் புகையின் பங்கு பெரிது. 20 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை 2005-ல் தொகுத்தபோது மனச்சிதைவு உள்ளவர்களில் சராசரியாக 62 சதவீதம் பேர் புகைத்தார்கள். ஊர் உலகமெல்லாம் புகைப்பது குறைந்துகொண்டு வருகிறது. நம் பிள்ளைகளிடம்தான் அது தங்கிவிட்டது.

எண்பது வயசு வாழ்வதைப் பற்றி மட்டும் யோசிக்காதீர்கள் ஐயா. ஐம்பதிலேயே ஆக்ஸிஜன் குழாயோடு படுக்கையில் ஐந்து வருஷம் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூச்சுக்குத் தவிக்கிறவருக்குப் பால்கனி வரை நடக்கக்கூட முடியாது.

"அவங்களுக்குச் சிகரெட் மருந்து மாதிரி" என்கிற பேச்சும் சும்மா வந்ததில்லை. அந்தக் கருத்தை ஆராய்வதற்குப் புகையிலை நிறுவனங்களே பணம் கொடுத்தன. அவர்களுடைய உள் ஆவணங்கள் வெளியான பிறகு 2008-ல் அதை ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் புகைக்கத் தடை வந்தபோது மனநலப் பிரிவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பரிவு என்று எங்களுக்குத் தோன்றியது. இன்றைக்கு நினைத்தால், எங்கள் நோயாளிகளின் நுரையீரலை மற்றவர்கள் நுரையீரலுக்குச் சமமாக நாங்கள் எண்ணவில்லை என்றுதான் படுகிறது.

அக்காவுக்கு ஒன்று. இங்கிலாந்தில் கடுமையான மனநோய் உள்ள 526 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2019-ல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு, இதற்கென்று பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் வீட்டுக்கே போய்ப் பேசி, அவரவர் போக்குக்கு ஏற்ப மெதுவாகக் குறைக்கவைத்தார். ஆறு மாசத்தில் அவர்களில் 14 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சைக்குப் போனவர்களில் 6 சதவீதம்தான். ஒரு வருஷத்தில் அது 15 சதவீதம், இது 10 சதவீதம். எண் சின்னதுதான், மறைக்கவில்லை. அதனால் தம்பி முதல் தடவை விழுந்தால் மனசு உடைந்துபோகாதீர்கள். பேட்ச் ஒட்டிக்கொண்டே குறைக்கலாம். தவிப்பு வரும்போது நிகோடின் சுவிங்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். காரம் தெரியும்வரை மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள், விடாமல் மென்றால் வயிறுதான் எரியும்.

அந்த முற்றத்தில் அவனுக்குக் கிடைத்தது புகை மட்டும் இல்லை, நாலு பேரின் பேச்சு. அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவனிடமே கேளுங்கள்.

---

தம்பியோட அக்கா எழுதியது (பதினாலு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள்.

மருந்தாளுநர் எழுதியதைத் தாளில் எழுதிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போனேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். நாலு வருஷம் முந்தைய அந்த வார்டுச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு, "இது என் கண்ணுக்கு வந்திருக்கணும்மா" என்றார். குளோசபின் அளவு அன்றைக்கே எடுக்க எழுதிக் கொடுத்தார்.

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தச் சிகரெட்டை நான் பற்றவைத்துக் கொடுத்தது கண்ணிலேயே நின்றது. தம்பிதான் "உனக்கு எப்படித் தெரியும், விடு" என்றான்.

முப்பதிலிருந்து பன்னிரண்டுக்கு வர ஐந்து வாரம் ஆனது, பேட்ச்சோடு. அதற்குக் கீழே மருத்துவர் சொன்ன தேதியில்தான் இறங்கினோம். நின்ற வாரத்தில் மருந்தைக் குறைத்தார், பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. எச்சில் கொஞ்சம் கூடியது, அதோடு நின்றது. குரல்கள் ஏறவில்லை. ஒன்பதாவது வாரம், அம்மாவின் நினைவு நாள் அன்றைக்கு நாலு பிடித்துவிட்டான். அவனே வந்து சொன்னான், அன்றைக்கே மருத்துவருக்குப் போன் பண்ணினோம். மறுநாளிலிருந்து இல்லை. இன்றோடு 31 நாள்.

இரவுப்பணி அம்மா சொன்னபடி கேட்டேன். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்கூட நட, பேசிக்கிட்டே" என்றான். அவன் கேட்டது அவ்வளவுதான். நடக்கிறோம். பாதித் தூரத்தில் நிற்போம், மூச்சு வாங்கும், மறுபடி நடப்போம். பத்தொன்பது வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசுகிறான்.

போன வாரம் நுரையீரல் மருத்துவரிடம் போனோம். அவர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "இன்னும் எத்தனை பிடிக்கிறார்?" என்றார். தம்பி, "நான் விட்டுட்டேன் டாக்டர்" என்றான். அவர் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்து, அதற்குப் பிறகு அவனிடமே பேசினார்.

ஆள்காட்டி விரல் நகத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே பழைய பழுப்பு, கீழே புதுசாக வளர்ந்த வெளுப்பு. தினமும் காலையில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான்.

கிணற்றடி ஐயா, உங்கள் மகளிடம் விடுகிறாயா என்று கேட்டுப்பார்த்தீர்களா? அவள் வேண்டாம் என்றால் அது அவள் முடிவு. கேட்டு மட்டும் பாருங்கள்.

பேட்ச் ஒட்டுகிற இடத்தில் தம்பிக்குத் தோல் சிவந்து அரிக்கிறது. தினமும் இடம் மாற்றித்தான் ஒட்டுகிறோம், தோள், முதுகு, மார்பு என்று. யாருக்காவது இப்படி இருந்ததா? என்ன செய்தீர்கள்?